பெற்றவளைக் கேட்டார்களா?

(நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்துக் கண் எரிய வந்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நடவு வயலிலிருந்து கால் சேறு காயுமுன்னே வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் குழுவினர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அது எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமல்ல. கையில் அட்டையும் பேனாவுமாக ஓர் இளைஞர் வந்தார். நோயாளிகளின் அபிப்பிராயத்தைத் திரட்டி வரும்படி அவரை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். எங்களுக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்கிற ஓர் அம்மாள் இருந்தார். மகள் பிரசவித்து இரண்டு நாள்.

"பெரியம்மா, இங்கே கவனிப்பெல்லாம் எப்படி இருக்கு? திருப்திதானா?"

"திருப்திதானுங்க சார். நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

இளைஞர் ஒரு கட்டத்தில் குறி போட்டார். அடுத்தவரிடம் போனார். அவர் தலை மறைந்ததும் அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மக உள்ளே படுத்துக் கெடக்கறா. இப்பப் போயி நான் குத்தம் சொன்னா, நாளைக்கு அவளை யாருங்க திரும்பிப் பாப்பாங்க?"

பிறகு சொன்னார். வார்டுக் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். பிள்ளை பெற்ற மறுநாளே, தையல் போட்ட உடம்போடு, ரத்தப் பரிசோதனைக்கென்று சீட்டைக் கொடுத்து எதிர்க் கட்டடத்துக்கு நடக்கவிட்டார்கள். எந்தக் கவுண்டரில் எந்தச் சீட்டு என்று கேட்கப்போனால் எரிந்து விழுகிறார்கள். துணைக்கு வந்தவர்கள் ராத்திரி எங்கே படுப்பது என்று யாரும் சொல்வதில்லை. டாக்டர் வந்து பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிற நேரத்தில் ஊருக்குப் போகிற கடைசி பஸ் புறப்பட்டுப் போயிருக்கும்.

இத்தனையும் அந்தக் காகிதத்தில் "திருப்தி" என்ற ஒரே குறியாகப் பதிவாகிவிட்டது. அம்மாள் பொய் சொன்னார் என்று நாம் சொல்ல முடியாது. உயிர் அவர்கள் கையில் இருக்கும்போது அவர்களுடைய ஆளிடம் எவள்தான் நிஜத்தைச் சொல்வாள்? முதலாளி மேஜைக்கு முன் நிறுத்தி, "இந்த மில்லில் உனக்குக் குறை உண்டா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் வாயைத் திறந்திருக்கிறோம்?

ஆஸ்பத்திரியும் சுகாதார சேவையும் எப்படி நடக்க வேண்டும் என்று ஆராய்ந்து திட்டம் போடுகிறபோது, நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் அந்த ஆராய்ச்சியில் என்ன இடம்? இன்றைக்கு இதைத்தான் பேச வந்திருக்கிறோம். கேட்கப்படும் ஆளாக மட்டுமல்ல, கூட உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யும் ஆளாக இடம் உண்டா? இடம் கொடுத்தால் பலன் உண்டா?

படித்தவர்களில் பலர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். "வைத்தியம் என்பது சாஸ்திரம். எழுத்து வாசனை இல்லாதவர்களிடம் போய் யோசனை கேட்பதா?" என்பார்கள். அவர்களுக்கு ஆத்திரமாகப் பதில் சொல்லிப் பயனில்லை. கணக்கைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்கக் கொஞ்ச தூரம் பயணம் போகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தென் அமெரிக்காவில் பொலிவியா என்ற நாடு. அங்கே ஆண்டிஸ் மலைத் தொடரில் இன்கிசிவி என்றொரு மாகாணம். ஏழை ஜனங்கள், மலைக் கிராமங்கள், ஆஸ்பத்திரி எட்டாத தூரம். 1990ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே "வார்மி" என்று ஒரு வேலை ஆரம்பித்தார்கள். அந்த ஜனங்களின் பாஷையில் வார்மி என்றால் பெண். வெளியிலிருந்து வந்தவர்கள் உபந்நியாசம் செய்யவில்லை. கிராமத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, "நம் ஊரில் குழந்தைகள் ஏன் சாகின்றன? தாய்மார் ஏன் சாகிறார்கள்? நீங்களே ஆராய்ந்து சொல்லுங்கள்" என்றார்கள். பெண்கள் ஆராய்ந்தார்கள், திட்டம் போட்டார்கள், செய்தும் பார்த்தார்கள். செத்துப் பிறந்த சிசுக்களையும் பிறந்த முதல் வாரத்தில் மாண்டவற்றையும் சேர்த்து, முன்பு 1,000 பிரசவத்துக்கு 117 சாவு. அதற்குப் பின் ஏறத்தாழ 44.

இவ்வளவு பெரிய மாறுதலா என்று சந்தேகம் வருவது நியாயம். மழை நன்றாகப் பெய்து வயிறு நிறைந்திருக்கலாம், ரோடு வந்திருக்கலாம், தானாகவே குறைந்திருக்கலாம். இந்தச் சந்தேகத்தை நாமும் மதிக்க வேண்டும்.

மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு இதைத் தீர்க்கும் வழி தெரியும். புதிய டிராவலர் ஒன்று வந்திருக்கிறது, நூல் அறுவது குறையும் என்று மேஸ்திரி சொல்கிறார். அது நிஜமா என்று எப்படிப் பார்ப்பது? ஒரே பஞ்சு, ஒரே நம்பர் நூல், ஒரே மாதிரி இரண்டு ரிங் பிரேம். ஒன்றில் புதியதைப் போடு, இன்னொன்றைப் பழையபடி ஓட்டு. இரண்டிலும் அறுவதை எண்ணு. விவசாயத் தோழர்கள் ஒரே வயலைப் பாதியாகப் பிரித்து இரண்டு விதை போட்டுப் பார்ப்பதும் இதே வழிதான். எந்தப் பாதிக்கு எந்த விதை என்பதை நம் இஷ்டப்படி வைக்காமல் குலுக்கல் போட்டு வைத்தால், வேண்டுமென்றே நல்ல மண்ணுக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

நேபாளத்தில் மக்வான்பூர் ஜில்லாவில் இப்படித்தான் செய்தார்கள். டாக்டர் தர்ம மானந்தர், டாக்டர் அந்தோணி காஸ்டெல்லோ முதலியவர்கள் நடத்திய ஆராய்ச்சி. முடிவு 2004ல் வெளிவந்தது. 24 கிராமப் பகுதிகள். அவற்றை ஒத்தது ஒத்ததாக 12 ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைக் குலுக்கலில் எடுத்தார்கள். எடுத்த பகுதியில் அந்த வட்டாரத்துப் பெண் ஒருத்தியை நியமித்தார்கள். அவள் நர்சு அல்ல, மருத்துவச்சியும் அல்ல. கூட்டம் கூட்டுவதும் பேச்சை நடத்திச் செல்வதுமே அவள் வேலை. சர்க்கார் சுகாதார நிலையங்களை இரண்டு தரப்புப் பகுதிகளிலும் ஒரே மாதிரி சீர்படுத்தினார்கள். வித்தியாசம் பெண்கள் குழு ஒன்றுதான்.

அந்தப் பெண்கள் என்ன முடிவு செய்தார்கள்? ஆபத்துக்கு உதவ, தாய்க்கும் சேய்க்கும் என்று ஒரு சேமிப்பு நிதி. மலைப் பாதையில் பிரசவ வேதனைக்காரியைத் தூக்கிப்போக ஸ்டிரெச்சர். சுத்தமான பிளேடும் நூலும் அடங்கிய பிரசவப் பொட்டலத்தைத் தாங்களே தயாரித்து விநியோகிப்பது. புதிதாகக் கர்ப்பமான பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. இவற்றில் எதுவும் பெரிய சாஸ்திரம் அல்ல. ஆனால் எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்பது தலைநகரத்து மேஜையிலிருந்து தெரிகிற சங்கதி அல்ல. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த சிசுக்கள், குழு இல்லாத பகுதிகளில் 1,000க்கு 37. குழு இருந்த பகுதிகளில் 26. தாய்மார் சாவு அங்கே 11, இங்கே 2. தாய்மார் சாவின் எண்ணிக்கை சிறியது. அதை வைத்து மட்டும் பெரிய முடிவு கட்டக்கூடாது. ஆனாலும் செத்தவர்களும் பிழைத்தவர்களும் மனிதர்கள்தானே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜார்க்கண்டில் மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சாவான், ஒரிசாவில் கியோஞ்சர். இரும்புத்தாது பூமி. ஹோ, முண்டா, சந்தால் முதலிய ஆதிவாசிகளும் ஏழை விவசாயக் குடும்பங்களும் வாழும் இடம். பூமிக்கடியில் கோடிக்கணக்கில் செல்வம். பூமிக்கு மேலே, ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில், பிறந்த 1,000 சிசுவில் 50க்கும் மேல் ஒரு மாதம் தாண்டுவதில்லை. இங்கே சக்ரதர்பூரில் "ஏக்ஜுட்" என்ற ஸ்தாபனத்தை டாக்டர் பிரசாந்த திரிபாதியும் டாக்டர் நிர்மலா நாயரும் அமைத்திருக்கிறார்கள். ஒன்றுபட்டு என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். 2005 ஜூலை முதல் 2008 ஜூலை வரை மூன்று வருஷம் அங்கே ஆராய்ச்சி நடந்தது. 36 தொகுதிகள்; ஏறக்குறைய 2,28,000 ஜனங்கள். 18ல் பெண்கள் குழு உண்டு, 18ல் இல்லை. கிராமத்தில் பிறப்பு, இறப்பைக் கவனித்துச் சொல்ல அந்தந்த ஊராரையே வைத்தார்கள். பிரசவமாகி ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து ஒருவர் வீட்டுக்குப் போய் நடந்ததை விவரமாகக் கேட்டு எழுதினார். 19,030 பிறப்புகளை இப்படிக் கணக்கெடுத்தார்கள்.

கூட்டம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் தாய்மார்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இது.

மாதம் ஒரு கூட்டம், மொத்தம் 20 கூட்டம். எழுதப் படிக்கத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. பட அட்டைகளைத் தரையில் பரப்புவார்கள்: காய்ச்சல் கண்ட தாய், உதிரம் போகிற தாய், குளிர்ந்து விறைத்த சிசு, பால் குடிக்காத சிசு. இவற்றில் நம் ஊரில் எது அதிகம், எது கொடியது என்று பேசுவார்கள். பேசி முடித்தபின் வோட்டு. காகித வோட்டு அல்ல, கூழாங்கல். தனக்குப் பெரிதாகப் படுகிற படத்தின்மேல் ஒவ்வொருத்தியும் கல் வைப்பாள். மாமியாரும் மருமகளும் ஒரே மாதிரி கல்லைத்தான் வைக்க முடியும் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போகிற விளையாட்டு. ஒரு சிசு செத்த கதையை எடுத்துக்கொள்வார்கள். சிசு ஏன் செத்தது? ஜன்னி கண்டது. ஏன் கண்டது? தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத பிளேடால் அறுத்தார்கள். ஏன்? வேறு பிளேடு கையில் இல்லை. ஏன்? ராத்திரி வலி கண்டது, எதுவும் தயாராக எடுத்து வைக்கவில்லை. ஏன்? முன்கூட்டி எடுத்துவைத்தால் அபசகுனம் என்றார்கள், காசும் இல்லை. இப்படி "ஏன்" என்ற ஒரே கேள்வியைக் கொண்டு, சாவின் வேர் வரைக்கும் தோண்டிக்கொண்டு போவார்கள். அதில் தங்கள் வீட்டுத் தவறும் வெளிவரும், சர்க்கார் செய்யாமல் விட்டதும் வெளிவரும், வறுமையும் வெளிவரும். இங்கேதான் படித்தவர்களின் கேலிக்கு நாம் பதில் சொல்கிறோம். சிசு குளிர்ந்தால் ஏன் சாகும் என்பதை டாக்டர் அறிவார். அந்தச் சிசு அவ்வளவு நேரம் ஏன் வெறுந்தரையில் கிடந்தது என்பதை, அந்த அறையில் அன்று இருந்தவளே அறிவாள். பல ஊர்களில் நச்சுக்கொடி விழும்வரை சிசுவை யாரும் தொடுவதில்லை. எல்லார் கண்ணும் தாயின்மேல் இருக்கும். இரண்டு அறிவும் ஒரே பாயில் உட்காராமல் அந்தச் சிசுவைக் காப்பாற்ற முடியாது.

காரணம் தெரிந்தபின் என்ன செய்வது என்று குழு தீர்மானிக்கும். தீர்மானித்ததை ஊர் கூட்டி, ஆண்களையும் பெரியவர்களையும் வைத்து, கதையாகவும் நாடகமாகவும் நடித்துக் காட்டுவார்கள். ஊர் ஒப்புக்கொண்ட பிறகு செய்வார்கள். கடைசிக் கூட்டங்களில், செய்தது பலித்ததா என்று தாங்களே கணக்குப் பார்ப்பார்கள்.

இப்போது முடிவைக் கேளுங்கள். முதல் வருஷம் குழு இருந்த தொகுதிகளில் 1,000க்கு 55.6 சிசுச் சாவு. குழு இல்லாத தொகுதிகளில் 53.4. அதாவது ஒரு பலனும் இல்லை! சர்க்கார் திட்டமாக இருந்திருந்தால் இந்த இடத்திலேயே பைலை மூடியிருப்பார்கள். இரண்டாம் வருஷம்: குழு இருந்த இடத்தில் 37.1, இல்லாத இடத்தில் 59.6. மூன்றாம் வருஷம்: இங்கே 36.3, அங்கே 64.3. நடுவில் வேறு மருந்து வரவில்லை, வேறு மந்திரமும் வரவில்லை. பிரசவம் பார்ப்பவள் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நூலையும் பிளேடையும் கொதிக்கவைத்தார்கள். தாய்ப்பாலை மட்டும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றவர்கள் தொகை பெரிதாக உயரக்கூட இல்லை.

இன்னொன்றும் கண்டார்கள். மூன்றாம் வருஷத்தில், பிள்ளை பெற்றபின் பெண்களுக்கு வருகிற நடுத்தர மனச்சோர்வு குழு இருந்த இடங்களில் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. மாதம் ஒருமுறை நாலு பேரோடு உட்கார்ந்து வாய்விட்டுப் பேசியதன் பலன் என்றே நாங்கள் நினைக்கிறோம். டாக்டர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லக்கூடும்.

தோழர்களே, இந்த ஆராய்ச்சியில் நமக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விவரம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளூர் சுகாதார சேவையை எப்படி அமைப்பது, எப்படி நடத்துவது என்று ஜனங்கள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல, 36 தொகுதிகளிலும் சுகாதாரக் கமிட்டிகள் அமைக்கப்பட்டன. ஆமாம், குழு இல்லாத 18 தொகுதிகளிலும் கமிட்டி இருந்தது! கமிட்டி இருந்தும் அங்கே சிசுச் சாவு குறையவில்லை. ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்க ஒரு கமிட்டி போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டியதில்லை. கமிட்டிக்கு யார் போவார்? பேசத் தெரிந்தவர், நேரமுள்ளவர், நல்ல வேஷ்டி உள்ளவர். பிள்ளை செத்த வீட்டுக்காரி போகமாட்டாள்.

எங்கும் ஜெயம், எதிலும் ஜெயம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட நாங்கள் வரவில்லை. தோற்ற இடங்களும் உண்டு.

வங்காள தேசத்தில் போக்ரா, மௌல்விபஜார், பரீத்பூர் ஜில்லாக்களில் இதே முறையைச் செய்தார்கள். சிசுச் சாவில் மாறுதல் இல்லை. ஏன் என்று பார்த்தால், அங்கே 1,414 பேருக்கு ஒரு குழு. ஜார்க்கண்டில் 468 பேருக்கு ஒன்று. வங்காளத்தில் பெரும்பாலான கர்ப்பிணிகள் கூட்டத்தின் வாசலையே மிதிக்கவில்லை. பிறகு குழுக்களைப் பெருக்கி 309 பேருக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். அப்போது குழு இருந்த இடங்களில் சிசுச் சாவு மற்ற இடங்களைவிட 38 சதவீதம் குறைவாயிற்று. இந்தியா, நேபாளம், வங்காள தேசம், ஆப்பிரிக்காவில் மலாவி ஆகிய நாடுகளில் நடந்த ஏழு ஆராய்ச்சிகளை 2013ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளில் 100க்கு 30 பேராவது கூட்டத்துக்கு வந்த இடங்களில் சிசுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதற்குக் குறைவாக வந்த இடங்களில் பலன் தெரியவில்லை. அங்கத்தினர் சேராத சங்கம் கூலி உயர்வு வாங்கித் தராது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. 2014ல் உலக சுகாதார ஸ்தாபனம், முக்கியமாக வைத்திய வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு, இந்த முறையைச் சிபாரிசு செய்தது. ஜார்க்கண்டில் ஆஷா ஊழியர்களை வைத்தே நடத்திப் பார்த்ததிலும் சாவு குறைந்தது.

பம்பாய்ச் சேரிகளில் நடந்தது வேறு. அங்கே 48 சேரிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு 2006 முதல் 2009 வரை பார்த்தார்கள். பாதியில் பெண்கள் குழு வைத்தார்கள். சாவு குறையவில்லை. இதற்கு எங்கள் கணிப்பு இது: பட்டணத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். குறை வீட்டு அறையில் இல்லை, ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறது. சேரியில் கூடிப் பேசுகிற பெண்ணின் கை வார்டுக்குள் எட்டாது. மேலும், இன்று இந்தச் சேரியில் குடியிருப்பவள் நாளை வேலை தேடி வேறு சேரிக்குப் போய்விடுகிறாள். இது மில் தொழிலாளரான நமக்கு ஓர் எச்சரிக்கை. கிராமத்துக்குச் சரிப்பட்டதை அப்படியே பட்டணத்துக்குத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. தமிழ்நாட்டிலும் இன்று பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆகவே நம் பிரச்னையும் வார்டுக்குள்தான் இருக்கிறது.

வார்டுக்குள் கை எட்டுவதற்கு வழி உண்டா? இங்கிலாந்தில் லூட்டன் டன்ஸ்டபிள் ஆஸ்பத்திரியில் 2005, 2006 வாக்கில் ஒன்று செய்தார்கள். தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கண்டவர்களுக்கான பகுதி. பால் பேட், கிளென் ராபர்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் முன்னின்றார்கள். "திருப்தியா?" என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. "நடந்ததை ஆதியிலிருந்து சொல்லுங்கள்" என்றார்கள். நோயாளிகள் தங்கள் கதையைச் சொன்னதைப் படம் பிடித்தார்கள். நர்சுகளிடமும் டாக்டர்களிடமும் தனியாகக் கேட்டார்கள். அவர்களுக்கும் கஷ்டம் உண்டல்லவா? பிறகு நோயாளிகளும் குடும்பத்தாரும் ஊழியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். எந்தெந்தக் கட்டத்தில் மனிதன் நொந்துபோகிறான் என்று சேர்ந்து குறித்தார்கள். ஒவ்வொரு குறைக்கும் நோயாளியும் ஊழியரும் கலந்த சிறு குழு அமைத்து மாற்றிக்காட்டினார்கள். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நர்சைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு எதையும் மாற்ற முடியாது. நாம் சொன்ன அந்த வார்டில் கவுண்டரில் எரிந்து விழுந்த பெண்ணும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்தான். மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்தால் எரிந்துதான் விழுவாள். நோயாளியின் குறையையும் ஊழியரின் குறையையும் ஒரே பட்டியலில் எழுதினால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவது தெரியவரும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். மக்கள் பங்கேற்பு என்ற வார்த்தை இப்போது எல்லா அதிகாரிகளின் வாயிலும் புரள்கிறது. ஜனங்களே பங்கேற்றுச் செய்துகொள்வார்கள் என்று சொல்லி, சர்க்கார் தன் கடமையிலிருந்து நழுவுவதற்கும் அதே வார்த்தை உதவும். மக்வான்பூர்ப் பெண்கள் ஸ்டிரெச்சர் ஏற்பாடு செய்தார்கள் என்று பாராட்டிவிட்டு, அந்த மலைக்கு ரோடே போடாமல் இருக்கலாமா? கொதிக்கவைத்த பிளேடு எத்தனையோ சிசுக்களைக் காப்பாற்றும். ஆனால் உதிரம் நிற்காத தாய்க்கு ரத்தம் வேண்டும், டாக்டர் வேண்டும். அதைப் பெண்கள் குழு வீட்டில் காய்ச்சித் தர முடியாது.

இனி நம் காரியம். கிராமங்களில் 2005ல் வந்த தேசிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தின்படி சுகாதாரக் கமிட்டி அமைக்க வேண்டும். விவசாயத் தோழர்கள் தங்கள் ஊரில் அது கூடுகிறதா, யார் யார் அங்கத்தினர், வருஷாந்தர நிதி எங்கே செலவாகிறது என்று கேளுங்கள். மில் தோழர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அது தர்மம் அல்ல. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளியின் 100 ரூபாய் சம்பளத்தில் 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். 1948ல் இயற்றிய சட்டமே அதன் கார்ப்பொரேஷனில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் வைத்தது. ஆனால் டில்லியில் ஒரு நாற்காலி கிடைத்ததால், நம் ஊர் டிஸ்பென்சரி எத்தனை மணிக்குத் திறக்கவேண்டும் என்பதை நாம் தீர்மானித்துவிட்டதாக ஆகாது. பகல் ஷிப்டுக்காரன் மருந்து வாங்க ஒருநாள் சம்பளத்தை இழக்கவேண்டியிருந்தால், அந்த மருந்து இலவசம் என்று யார் சொல்வது?

ஆகவே நாங்கள் வைக்கும் யோசனை: நம் பகுதி ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டையும் டிஸ்பென்சரியையும் முதலில் எடுத்துக்கொள்வோம். கடந்த ஒரு வருஷத்தில் அங்கே போய்வந்த குடும்பங்களை நாமே கூட்டிப் பேசவைப்போம். டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்கு வந்து, பயம் தெளிந்த பிறகு பேசட்டும். வார்டில் வைத்துக் கேட்கவேண்டாம். பேரை எழுதவேண்டாம். நர்சுகளின் சங்கத்தையும் கூப்பிடுவோம். திரட்டியதைக் கொண்டுபோய் நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுத்துவிட்டு வந்துவிடக்கூடாது. "இதை மாற்றுகிற குழுவில் இன்னின்ன தாய்மார் உட்காருவார்கள், மாற்றம் பலித்ததா என்று ஆறு மாதம் கழித்து அவர்களே எண்ணிப் பார்ப்பார்கள்" என்று கேட்கவேண்டும். அப்படி உட்காருகிற தாய்க்கு அன்றைய கூலியையும் நிர்வாகம் கொடுக்கவேண்டும். அங்கே உட்காருகிற டாக்டர் சம்பளத்தோடுதானே உட்காருகிறார்?

நிர்வாகம் உடனே சம்மதிக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. முதல் வருஷம் ஒன்றுமே மாறாமலும் போகலாம், ஜார்க்கண்டில் மாறவில்லை.

முதல் கூட்டம் வருகிற ஞாயிறு சாயங்காலம், மில் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தடியில். இரண்டாவது ஷிப்டுப் பெண்களுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் தனியாக இன்னொன்று வைத்திருக்கிறோம். விவசாயப் பகுதியில் நடவு முடிந்தபிறகு தேதியை அங்குள்ள பெண்களே சொல்லட்டும். கைக்குழந்தைகளைத் தாராளமாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மாமியார்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் இல்லாமல் எந்தத் தீர்மானமும் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகாது. ஆண் தோழர்கள் அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான கூட்டம் பிறகு வரும்.